பெஞ்சில இருந்தே தொழில்முறை வீரன் ஆனவன்

ஐஸ் ஹொக்கிப் பொடியளுக்குக் காசு தேடிக் குடுக்கிற ஏஜென்டுகளை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பொடியள் ஒருநாளும் காசே வாங்கேல்லை எண்டு நிரூபிச்சுக் குடுக்கிறதுதான் எங்கட தொழில்.

நான் ஜெர்மனியில பான் நகரத்தில சட்டம் படிக்கிறன். வாடகை கட்டிறதுக்காக ஒரு சின்னக் கந்தோரில வேலை. ஜெர்மன் இளைஞர் அணிகளில விளையாடுற பொடியளை அமெரிக்கக் கொலிஜுகளுக்கு அனுப்பிறது எங்கட அலுவல். அங்க கொலிஜ் அணியில இடம் கிடைச்சா படிப்புச் செலவைக் கொலிஜே பாக்கும். ஆனா போற பொடியன் அமெச்சூரா இருக்க வேணும். விளையாட்டுக்குச் சம்பளம் வாங்கியிருக்கக் கூடாது, தொழில்முறை அணியோட ஒப்பந்தம் எழுதியிருக்கக் கூடாது. இதையெல்லாம் படிவத்தில நிரப்பி, கிளப்புகளுக்கு ரெலிபோன் அடிச்சு, கடிதம் வாங்கி, மொழிபெயர்த்து, கொலிஜ் விளையாட்டுக்குப் பொறுப்பான அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பிறது நான்.

ஜெர்மனியில இருக்கிற உங்களுக்குப் படிவத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு ஆன்ட்ராக் விண்ணப்பம் குடுத்துப்போட்டு தபால்பெட்டியைத் திறந்து திறந்து பாத்த ஆக்கள்தானே எல்லாரும். ஆனா போன வருசம் எங்களிட்ட வந்த பொடியளில ஒருத்தன் என்ர சொந்தத் தம்பி. பேர் நிதுஷன், கோல் கீப்பர். அமெரிக்காவின்ர வடக்குப் பக்கம் ஒரு கொலிஜ் அவனுக்கு இடம் வைச்சிருந்தது. அவன் அமெச்சூர் எண்டு காட்டினா இடம் அவனுக்கு, காட்டாட்டி இல்லை. அந்த ஒரு வருசத்தில என்ர காதில விழுந்த கதையளைத்தான் எழுதிறன். ஆறுதல் தேடி வாசிக்கிற ஆக்கள் இதோட நிப்பாட்டலாம்.

முதல் நாள்

எங்கட முதலாளி பெர்ன்ட். முந்தித் தானும் விளையாடின மனுசன், முன்பல்லு முழுக்கப் பொய்ப்பல்லு. வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கு விதியளை வாசிக்கத் தந்தார். வாசிச்சு முடிய நான் கேட்டன்: "விடிய எழும்பிப் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஐஸில பயிற்சி, பின்னேரம் திரும்பவும் பயிற்சி, சனி ஞாயிறு பஸ்ஸில அரை ஜெர்மனி ஓட்டம். இது வேலை இல்லையெண்டா வேற என்ன?" மனுசன் "விருப்பம்" எண்டார்.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. பஸ் ஓட்டுறவருக்குச் சம்பளம் இருக்கோ எண்டு கேட்டன். இருக்கு. ஐஸ் வழிக்கிற மெசின் ஓட்டுறவருக்கு? இருக்கு. நடுவருக்கு, டிக்கெட் கிழிக்கிறவைக்கு, தேத்தண்ணி விக்கிறவைக்கு? எல்லாருக்கும் இருக்கு. "அப்ப முகத்தில றப்பர் வட்டு வாங்கிறவன் மட்டும்தான் சும்மா நிக்கிறான், அப்பிடித்தானே" எண்டன். பெர்ன்ட் கோப்பியைக் கலக்கிக்கொண்டே என்னை நிமிந்து பாத்தார்.

"நீ சட்டம் படிக்கிறாய், நல்ல விசயம், ஆனா இந்தக் கந்தோரில நியாயத்தைத் தேடாதை, பெட்டியில சரி போடு."

இறைச்சிக்கடைக்காரன்ர பரிசு

கெல்லர் எண்டொரு அம்மா மகனோட வந்தவ. மகன் நல்ல கெட்டிக்காரப் பொடியன், கோல் அடிக்கிறதுதான் வேலை. அவையின்ர ஊர் இறைச்சிக்கடைக்காரர் அவன் கோல் அடிக்கிற ஒவ்வொரு மட்சுக்கும் ஒரு பெரிய வளையம் சொசேஜ் குடுப்பாராம். குடுத்தாலும் பரவாயில்லை, பொடியன்ர கழுத்தில அதை மாலை மாதிரிப் போட்டுப் படம் எடுத்து இன்டர்நெட்டிலயும் போட்டிட்டார். படத்துக்குக் கீழ கடையின்ர பேர். விளையாட்டால கிடைச்ச வருமானமோ, விளம்பரக் கூலியோ, ரசிகரின்ர அன்போ எண்டு நான் ஒரு மணித்தியாலமா விளக்கம் எழுதினன். நீதிமன்றத்தில ஒரு கொலை வழக்குக்குக் கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டன்.

கடைசியா அந்தச் சொசேஜை ஆர் சாப்பிட்டது எண்டு கேட்டன். அம்மா நிமிந்து இருந்து, சத்தியம் பண்ணுற குரலில சொன்னா:

"எல்லாம் எங்கட நாய்தான் சாப்பிட்டது, ஆனா அதுவும் போட்டிக்குப் போற நாய் இல்லை, அதையும் எழுதிவிடுங்கோ."

அப்பா கேட்ட ஃபெர்ட்ராக்

இனி எங்கட வீட்டுக் கதை. எங்கட ஊர் கிளப்பின்ர பெரிய அணி தொழில்முறை அணி. ரெண்டு வருசத்துக்கு முதல், குளிர்காலத்தில, அவையின்ர ரெண்டாவது கோல் கீப்பருக்கு இடுப்பில காயம். இளைஞர் அணியில இருந்து நிதுவையும் அவன்ர கூட்டாளி யோனாஸையும் மாறி மாறிக் கூப்பிட்டு பெஞ்சில இருத்தினவை. முதல் கோல் கீப்பர் விழுந்தா இறங்கிறதுக்கு ஒரு ஆள் இருக்க வேணும், அதுக்குத்தான். அந்த மனுசன் ஒருக்காலும் விழேல்லை. நிது குளிர்காலம் முழுக்க முழு உடுப்போடயும் இருந்து, மற்ற வீரர்மார் உள்ள வெளிய போகேக்க பெஞ்சுக் கதவைத் திறந்து பூட்டினவன். ஒரு நிமிசம் கூட விளையாடேல்லை.

மட்ச் முடிய மனேஜர் பெற்றோல் காசு எண்டு கையில பொத்திக் குடுப்பார். யோனாஸ் அதைச் சட்டைப்பையில வைச்சான். நிது வீட்டை கொண்டுவந்து அப்பாவிட்டக் காட்டினான். அங்கதான் பிழைச்சது. அப்பா அகதியா வந்த புதுசில, வேலை செய்யிற அனுமதி கிடைக்க முதல், ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில கோப்பை கழுவினவர். ஒருநாள் பொலிஸ் செக் பண்ண வர, முதலாளி அவரைக் குளிர் அறைக்குள்ள தள்ளிப் பூட்டிப்போட்டான். கோழியளோட கோழியா நிண்டவர். அண்டையில இருந்து மனுசன் தலைமயிர் வெட்டினாலும் பில் கேப்பார். பதியாத காசு, களவெடுத்த காசு, ரெண்டும் அவருக்கு ஒண்டுதான்.

அடுத்தநாள் நல்ல சேர்ட் ஒண்டு போட்டுக்கொண்டு கிளப் கந்தோருக்குப் போயிட்டார். என்ர மகன் ஒளிச்சு வேலை செய்ய மாட்டான், ஒழுங்கா ஒப்பந்தம் போட்டு ஃபெர்ட்ராக் எழுதுங்கோ, பகுதிநேர மினிஜொப்பாப் பதியுங்கோ, விபத்துக் காப்புறுதி வேணும், பென்சனுக்கும் கட்ட வேணும் எண்டு நிண்டவராம். அதே பெற்றோல் காசைத்தான் மனேஜர் தலையைச் சொறிஞ்சுகொண்டு சம்பளம் எண்டு பதிஞ்சார். வேலையின்ர பேர் எண்ட இடத்தில 'தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரர்'. கதவு திறக்கிறவர் எண்டு எழுதியிருந்தாக் கூட என்ர தம்பி தப்பியிருப்பான். கையெழுத்து வைக்கேக்க மனேஜர் சொன்னதை அப்பா இண்டைக்கும் பெருமையாச் சொல்லுவார்:

"ஹெர் சிவராசா, என்ர மகனை ஏன் விளையாட விடேல்லை எண்டு சண்டை பிடிக்க வந்த அப்பாமார் நிறைய, பென்சன் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

ஒரே பெஞ்ச், ரெண்டு பொடியள்

யோனாஸும் எங்கட வாடிக்கையாளர்தான். அவனுக்கு வேற ஒரு கொலிஜ். ரெண்டு பேரின்ர படிவத்தையும் ஒரே நாளில நான்தான் நிரப்பினன். 'தொழில்முறை அணியோட எப்பவாவது ஒப்பந்தம் எழுதியிருக்கிறீரோ' எண்ட கேள்விக்கு யோனாஸ் இல்லை எண்டு போட்டான், அது உண்மைதான். நிது ஓம் எண்டு போடச் சொன்னான், அதுவும் உண்மைதான். 'காசு வாங்கினீரோ' எண்ட கேள்விக்கு யோனாஸ் என்னைப் பாத்தான், நான் பெர்ன்டைப் பாத்தன், பெர்ன்ட் யன்னலைப் பாத்தார், நான் இல்லை எண்ட பெட்டியில சரி போட்டன். கொஞ்ச நாளில யோனாஸுக்கு 'அமெச்சூர்' எண்டு பதில் வந்திட்டுது. நிதுவின்ர விசயம் 'ஆய்வில இருக்கு' எண்டு வந்தது.

நான் பெர்ன்டின்ர மேசையில போய் நிண்டன். "ஒரே அணி, ஒரே பெஞ்ச், ஒரே காசு. ஒளிச்சு வாங்கினவன் சுத்தம், வரி அலுவலகத்துக்குச் சொல்லி வாங்கினவன் அழுக்கு. இதை நீங்கள் உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ, நான் கேக்க வேணும்" எண்டன். கார்த்திக் எண்டு கோயம்புத்தூர்ப் பொடியன் ஒருத்தன் எங்களோட வேலை, பொடியளின்ர விளையாட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டுறவன். அவன் மெதுவா ஹெட்போனைக் கழட்டி வைச்சிட்டு வேடிக்கை பாத்தான். பெர்ன்ட் கோவிக்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஏறினது.

"யோனாஸ் காசு வாங்கினதை நான் காணேல்லை, உன்ர தம்பி வாங்கினதை ஜெர்மன் அரசாங்கமே கண்டிருக்கு."

யோனாஸ் கேட்டது

யோனாஸ் கூடாத பொடியன் இல்லை. அதைச் சொல்லாட்டி எனக்குச் சோறு செமிக்காது. தனக்குப் பதில் வந்த கிழமையே எங்கட வீட்டை வந்தவன். அம்மா குடுத்த வடையைக் கையில வைச்சுக்கொண்டு தின்னாமல் இருந்தான். பேந்து சொன்னான், தானும் காசு வாங்கினதை எழுதி அனுப்பப் போறானாம், அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நீதி கிடைக்குமாம்.

எனக்குள்ள இருந்த வக்கீல் துள்ளி எழும்பினாள். எழுதட்டும், ரெண்டு பேரையும் ஒண்டாப் பாக்கட்டும், பிறகு நான் வாதாடுறன் எண்டு வாயைத் திறக்க, நிது என்னைத் தாண்டி அவனிட்டச் சொன்னான், 'விசர்க்கதை கதையாதை, வடையைச் சாப்பிடு' எண்டு. யோனாஸ் போனாப் பிறகு நான் நிதுவைக் கிழிச்சன். உனக்கென்ன, புத்தரோ, காந்தியோ, உன்ர வாழ்க்கைதானே போகுது எண்டன். அவன் சோக்ஸைக் கழட்டிக்கொண்டு இருந்தவன், தலையைக் கூட நிமித்தேல்லை.

"அக்கா, ரெண்டு கோல் கீப்பரையும் வெளியில இருத்தினா, கோலுக்குள்ள ஆர் நிக்கிறது?"

கனடாவில விடிஞ்சது

நிதுவின்ர ஆய்வு நடந்துகொண்டிருக்கேக்கையே இன்னொரு கூத்து. கனடாவின்ர பெரிய இளைஞர் லீக்குகளில விளையாடின பொடியள் முந்தி அமெரிக்கக் கொலிஜ் வாசலை மிதிக்க ஏலாது. அங்க கைச்செலவுக்குக் காசு குடுக்கிறதால அவங்கள் தொழில்முறை ஆக்கள் எண்டு விதி. எத்தினையோ பொடியளுக்கு நானே அந்த விதியைச் சொல்லிப் பயப்பிடுத்தி, கனடாப் பக்கம் போக விடாமல் மறிச்சிருக்கிறன். அந்த விதியை மாத்திப்போட்டினம். நித்திரைக்குப் போகேக்க தொழில்முறை, எழும்பேக்க அமெச்சூர். கனடாப் பொடியள் வரிசையா வரத் தொடங்க, எங்கட பொடியளுக்கு வைச்சிருந்த இடங்கள் ஒவ்வொண்டாக் காணாமல் போச்சுது. ஒரு அணிக்கு இவ்வளவு பேர்தான் எண்டு வேற ஒரு வரம்பு.

நான் கார்த்திக்கிட்டக் கேட்டன், அவங்களின்ர கைச்செலவு அமெச்சூர் எண்டா எங்கட நிதுவின்ர பெற்றோல் காசு மட்டும் என்ன பாவம் செய்தது எண்டு. இந்தக் கேள்வியையே நாலு பக்கத்தில எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினன். அதை அவன்தான் பிழை திருத்திப் பாத்தவன். பாத்து முடிச்சிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"எங்க ஊர்ல ஆடித் தள்ளுபடி கூட முன்னாடியே போர்டு வச்சிட்டுதான் போடுவாங்க, வக்கீலம்மா, இவங்க நீங்க பில் போட்டு வெளிய வந்தப்புறம் போடறாங்க."

கோச்சோட ஒரு வீடியோ அழைப்பு

நிதுவுக்கு இடம் வைச்சிருந்த கோச் நல்ல மனுசன். வீடியோவில வந்தவர். பின்னால சுவரில மான் கொம்பு. நிது எனக்குப் பக்கத்தில இஸ்திரி போட்ட சேர்ட்டோட இருந்தான், கீழ பிஜாமா. அக்கா தயவுசெய்து சண்டை பிடியாதை எண்டு முன்னமே கெஞ்சினவன். நானும் ஓம் எண்டனான்.

அஞ்சு நிமிசம் தாங்கினன். பேந்து கேட்டன், உங்கட கொலிஜ்களே இப்ப தங்கட வீரர்மாருக்கு வெளிப்படையாக் காசு குடுக்குதாமே, விளம்பரத்தில நடிச்சா அதுக்கும் காசாமே, இவன் கதவு திறந்த காசு மட்டும் எப்பிடி அமெச்சூரைக் கெடுக்கும் எண்டு. சரிதான் எண்டார். வெளிநாட்டு மாணவனுக்கு விசா விதியால அந்தக் காசும் வாங்க ஏலாது, அப்ப இவன் வந்தும் வாங்கமாட்டானே எண்டன். அதுவும் சரிதான் எண்டார். நான் சொன்ன எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார். தலையாட்டிற ஆளோட வாதாடுறதைப் போல ஒரு கொடுமை உலகத்தில இல்லை. கடைசியாக் கைகளைக் கோத்து மேசையில வைச்சார்.

"மேடம், நீங்கள் சொல்றதில ஒரு சொல்லும் பிழையில்லை, ஆனா எங்களிட்ட வந்து வாங்கிற காசு வேற, வர முதல் வாங்கின காசு வேற."

சாமத்தியவீட்டில கிடைச்ச வாழ்த்து

அந்தக் கிழமை டோர்ட்முண்டில, பெரியபிள்ளையான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு. எங்கட ஆக்களுக்குள்ள கதை எப்பிடிப் பரவும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நிதுவுக்கு அமெரிக்காவில பிரச்சினை எண்டு வெளிக்கிட்ட கதை, மண்டபத்துக்குள்ள வரேக்க வேற உருவம் எடுத்திட்டுது. ஆள் ஆளா வந்து அப்பாவின்ர கையைக் குலுக்கினவை. அப்பா ரோல்ஸ் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு, நிலத்தைப் பாத்து நன்றி நன்றி எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார். அவருக்கு அப்பத்தான் விளங்கத் தொடங்கியிருந்தது, எந்தக் கையெழுத்தால என்ன நடந்தது எண்டு. அதை அவருக்கு ஆரும் சொல்லேல்லை. நாங்கள் மூண்டு பேரும் ஒளிச்சனாங்கள். படிவத்தின்ர கொப்பியைத் தானே அகராதி வைச்சு வாசிச்சிருக்கிறார்.

நான் விளங்கப்படுத்தப் போனன். அம்மா என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தா. அப்பாவின்ர பழைய சிநேகிதர் மணியம் மாமா, மண்டபமே கேக்கிற மாதிரி:

"புரொபெஷனல் எண்டு அமெரிக்கனே சொல்லிப்போட்டான், இனி ஜெர்மன்காரன் என்னத்தைச் சொல்லக் கிடக்கு, நீ நெஞ்சை நிமித்திக்கொண்டு நில்லு சிவராசா."

முடிவெடுக்கத் தேவையில்லை

கோச் எழுதினார். ஆய்வு முடியுமட்டும் இடத்தை வைச்சிருக்கத் தன்னால ஏலாதாம், வேற கோல் கீப்பரை எடுத்தாச்சாம், மன்னிக்க வேணுமாம். எடுத்தது ஒரு கனடாப் பொடியனை. அடுத்த கிழமை ஆய்வு செய்தவையிட்ட இருந்தும் ஒரு வரி. நிதுஷனை இப்ப எந்தக் கொலிஜும் கேக்காதபடியா அவரின்ர விசயத்தில முடிவெடுக்கத் தேவையில்லை, கோப்பு மூடப்படுது. என்ர தம்பி அமெச்சூரோ தொழில்முறையோ எண்டு இனி ஒருத்தரும் சொல்லப் போறதில்லை. நான் மறுப்பு எழுதினன். மறுக்கிறதுக்கு ஒரு முடிவு இருந்தாத்தானே மறுக்கலாம் எண்டு திருப்பி எழுதினவை. சட்டம் படிக்கிற எனக்கு அதை அமெரிக்காவில இருந்து சொல்லித் தர வேண்டியிருந்தது.

அப்பா ஒருத்தருக்கும் சொல்லாமல் பென்சன் கந்தோரில போய்ச் சந்திக்க ஒரு டெர்மின் எடுத்திருந்தார். கடைசி நேரத்தில, பிள்ளை, நீயும் வா, உனக்குத்தானே சட்டம் தெரியும் எண்டார். நிதுவும் வந்தான், கார் ஓட்ட. அங்க போய் இருந்து, இவ்வளவு காலம் ஜெர்மனியில ஒரு பேப்பரையும் அழிக்கச் சொல்லிக் கேக்காத மனுசன் கேட்டார், அந்தக் குளிர்காலத்தை என்ர மகன்ர பேரில இருந்து எடுத்துவிட ஏலுமோ, கட்டின காசு வேண்டாம், அது நடக்கேல்லை எண்டு ஒரு கடிதம் மட்டும் தாங்கோ எண்டு. கொலிஜ் இடம் போயிட்டுது, கடிதம் கிடைச்சாலும் இனிக் குடுக்க ஒரு இடமில்லை எண்டு அவருக்கும் தெரியும். அங்க மேசையில இருந்த ஜெர்மன் அம்மா கம்பியூட்டரில பாத்தா, நல்ல செய்தி சொல்லுற முகத்தோட திரும்பினா. அழிக்க ஏலாதாம். ஆனா பயப்பிட வேண்டாமாம், அந்த மாசங்கள் எல்லாம் ஒழுங்காப் பதிஞ்சிருக்காம், மகன் ஓய்வெடுக்கேக்க கட்டாயம் கணக்கில வருமாம்.

கார் நிப்பாட்டின இடத்தில அப்பா கதவைத் திறக்காமல் நிண்டார். நிது இப்ப மின்சார வேலை பழக அவுஸ்பில்டுங் செய்யிறான், ஹொக்கி உடுப்பெல்லாம் நிலக்கீழ் அறையில கிடக்குது. அவன் சுத்தி வந்து அப்பாவுக்குக் கதவைத் திறந்து விட்டான்.

"யோசியாதேங்கோ அப்பா, எனக்கு அறுபத்தேழு வயசில அந்தப் பென்சன் வரும், முதல் தேத்தண்ணி உங்களுக்குத்தான்."

காசை ஒளிச்சவன் அமெரிக்காவில விளையாடுறான், காட்டினவன் கட்டடங்களுக்கு வயர் இழுக்கிறான், ரெண்டு பேரின்ர படிவத்திலயும் பிழையில்லாமல் சரி போட்ட என்னை மட்டும் திறமான வேலைக்காரி எண்டு சொல்லி பெர்ன்ட் இன்னொரு வருசத்துக்கு ஃபெர்ட்ராக் தந்திருக்கிறார்.